கடல்பக்க இருக்கை

என் மேசைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் இருக்கைக்குத்தான் சண்டை போடுவார்கள். அன்று காலை பத்து மணிக்கு வந்த புதுத் தம்பதியும் அப்படித்தான். கல்யாணமாகி ஒன்பது நாள். அந்தப் பெண்ணின் கையில் மருதாணிகூட இன்னும் போகவில்லை.

"மேடம், மூணு நாளும் கடல் பக்கம் அவதான் உக்காருவாளாம். அப்ப நான் எதுக்கு வர்றேன், பை தூக்கவா?" என்றான் மாப்பிள்ளை.

"இவருக்கு வண்டியில ஏறினாலே தூக்கம் வந்துரும் மேடம். தூங்குறவருக்குக் கடல் எதுக்கு?" என்றாள் அவள்.

காட்டுத் தடங்களில் அவளுக்கு நல்ல பக்கம், கடல் தடங்களில் அவனுக்கு என்று பிரித்து எழுதி, முத்திரை வைத்துக் கொடுத்தேன். முத்திரை விழுந்துவிட்டால் பிறகு யாரும் இடம் மாற முடியாது. இருவரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனார்கள். போகட்டும். அவன் பிறந்த அன்றே அவனுடைய அப்பா விண்ணப்பம் போட்டு வைத்ததால் இருபத்தைந்து வயதில் கல்யாணக் கையோடு கிளம்ப முடிகிறது. எனக்கு யார் போட்டார்கள்? இருபத்தோரு வயதில், இந்தத் திருச்சி தட அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்த அன்று நானே எனக்குப் போட்டுக்கொண்டேன். பதினெட்டு வருடமாக ஊரார் பயணத்துக்கெல்லாம் வழி போட்டுக் கொடுத்துவிட்டு, அவர்கள் முதுகைப் பார்த்து வயிறெரிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பொறாமைதான். அதற்கு வேறு நல்ல பெயர் எதுவும் எனக்குத் தெரியாது.

ஒருபார்வைச் சட்டம் வந்தது நான் பிறப்பதற்கு முன்பு. வெக்கை ஆண்டுகளுக்குப் பிறகு காடும் கரையும் கொஞ்சம் உயிர் பிடித்தபோது, மறுபடியும் கூட்டம் போய் மிதித்துவிடக் கூடாது என்று போட்ட சட்டம். ஒரு தடத்தை ஓர் ஆள் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் பார்க்கலாம். மீன்பிடிக்கிறவர்களுக்கும் வனக்காவலர்களுக்கும் மட்டும் விலக்கு. மற்றவர்கள் தன்னோட்டி வண்டியில் ஏறி, இருக்கை வாரைப் பூட்டிக்கொண்டு, கண்ணில் மறைகண்ணாடி மாட்டிக்கொள்ள வேண்டும். தடத்தில் கால் வைக்கக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. வண்டி நிற்கிற இடத்தில் சன்னல் இறங்கும், காற்று வரும், அவ்வளவுதான். நாம் பார்க்காத தடம் என்றால் கண்ணாடி தெளிவாக இருக்கும். ஏற்கெனவே பார்த்த தடம் என்றால் பால் ஊற்றியது மாதிரி வெளுத்துவிடும். பக்கத்தில் இருப்பவர் 'அடேயப்பா' என்று சொல்வதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

அதனால் எங்கள் தொழிலில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுக்கும் பாடம் ஒன்று உண்டு. கண்ணாடி வெளுக்கப் போகிறவரைக் கடல்பக்கம் உட்கார வைக்காதே. பார்க்கக் கூடியவருக்கே அந்தச் சன்னலைக் கொடு. இதை நான் ஒருநாளும் மீறியதில்லை, என் பயணம் வரும் வரைக்கும்.

பங்குனி மாதம் என் முறை வந்தது. திரையில் என் பெயர் எழுந்ததும் அடுத்த மேசை ஹமீதா அக்கா எழுந்து வந்து என் கன்னத்தைக் கிள்ளினார். "அடியே சுடர்க்கொடி! வந்துருச்சுடீ! இனிமே உன் பெருமூச்சக் கேக்காம நான் நிம்மதியா வேலை பார்ப்பேன்."

எந்தத் தடம் என்பதெல்லாம் பல வருடமாக முடிவு செய்து வைத்ததுதான். தெற்குத் தடம். காரையாறு, முண்டந்துறை என்று காட்டில் தொடங்கி, கன்னியாகுமரி, மணப்பாடு, தூத்துக்குடி வழியாக வடக்கே ஏறி, தனுஷ்கோடியில் முடியும். அதற்குள் மொத்தம் ஒன்பது சிறு தடங்கள், மூன்று பகல். என் பெயரைப் போட்டேன். உடன் வருபவர் என்ற இடத்தில் என் கணவர் அருள்நம்பியின் பெயரைப் போட்டேன்.

ஒன்பது தடங்களிலும் அவர் பெயருக்கு எதிரே சிவப்பாக ஒரே வார்த்தை விழுந்தது. 'பார்த்தாயிற்று'.

ஏதோ கோளாறு என்று நினைத்து மறுபடி போட்டேன். மறுபடியும் அதே. பார்வைப் பதிவேட்டைத் திறந்தேன். பதினான்கு வருடத்துக்கு முன்பு, தை மாதம், மூன்று நாள். விண்ணப்பதாரர் மெர்சலின். உடன் சென்றவர் அருள்நம்பி.

எங்களுக்குக் கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம். இந்தப் பன்னிரண்டு வருடத்தில் நான் ராத்திரி சாப்பாட்டில் பேசிய பேச்செல்லாம் கடலைப் பற்றித்தான். 'நாம ரெண்டு பேரும் ஒண்ணாப் போய் முதல் தடவை பார்க்கப் போறோம்' என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன்! மனிதர் ரசத்தைப் பிசைந்துகொண்டு 'உம்' கொட்டுவார். சரியான கல்லுளிமங்கன்.

சாயங்காலம் நான் வீட்டுக்குப் போனபோது அவர் அடுப்படியில் உப்புமா கிண்டிக்கொண்டிருந்தார். நீர்மீட்பு நிலையத்தில் அவருக்கு நான்கு மணிக்கே வேலை முடிந்துவிடும். நான் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"மெர்சலின் யாருங்க?"

கரண்டி நின்றது. "கூடப் படிச்சவ," என்றார். பிறகு, "கட்டிக்கிறதா இருந்தோம். நடக்கல," என்றார்.

"அது போகட்டும். கடலப் பார்த்ததில்லன்னு என்கிட்ட ஏன் சொன்னீங்க?"

"நான் எங்க சொன்னேன் சுடர்? நீதான் ரெண்டு பேரும் பார்க்காதவங்கன்னு சொல்லிட்டே இருப்ப. நான் சும்மா இருந்தேன்."

"சும்மா இருந்தீங்களா! முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கிறதுக்குப் பேரு சும்மா இருக்கிறதா?"

"உன் முகத்தப் பார்த்தா சொல்ல மனசு வராது. இன்னைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு தள்ளித் தள்ளியே..." உப்புமா அடிப்பிடித்துப் புகைந்தது. அடுப்பை அணைத்துவிட்டு அவர் என் பக்கம் திரும்பினார். "இப்ப ஒண்ணும் கெட்டுப் போகல. வடக்குத் தடம் இருக்குல்ல? கோடியக்கரைக் காடு, பிச்சாவரம், தரங்கம்பாடி. அத நானும் பார்த்ததில்ல, நீயும் பார்த்ததில்ல. அங்க போவோம். ரெண்டு பேருமே கண்ணால பார்க்கலாம்."

நியாயமான பேச்சு. நியாயம் என்பதாலேயே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தெற்கை அவளுக்குக் கொடுத்துவிட்டு, மிச்சம் மீதி வடக்கை எனக்கு வைப்பாராம். அவள் நல்ல சோறு தின்றுவிட்டுப் போவாள், நான் அடிச்சட்டியைச் சுரண்ட வேண்டுமாம்.

"தெற்குதான்," என்றேன்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதே சுடர். மூணு நாளும் வெள்ளையாத்தான் இருக்கும்."

"இருக்கட்டும்."

மறுநாள் அலுவலகத்தில் நான் செய்தது தப்பு என்று எனக்கே தெரியும். பழைய கோப்புகளைத் தோண்டி, அந்த இருவரும் போன பயணத் திட்டத்தை எடுத்தேன். எந்த இடத்தில் எத்தனை நிமிடம் வண்டி நின்றது என்று எல்லாம் அதில் இருந்தது. மணப்பாட்டுப் பாறையடியில் எல்லோருக்கும் இருபத்தைந்து நிமிடம்தான் கொடுப்பார்கள். இவர்கள் நாற்பது நிமிடம் நின்றிருக்கிறார்கள். காரையாற்று நேரத்தைக் குறைத்து அதை மணப்பாட்டுக்குக் கூட்டியிருக்கிறார்கள். நாற்பது நிமிடம் அங்கே என்ன வேலை? கால் வைக்கவும் முடியாது, வாரையும் அவிழ்க்க முடியாது. பேசிக்கொண்டுதான் இருந்திருப்பார்கள். என்னோடு சேர்ந்தாற்போல நாற்பது நிமிடம் பேசியதாக அவர் வாழ்க்கையில் உண்டா?

நான் மணப்பாட்டுக்கு நாற்பத்தைந்து போட்டேன். அவர்கள் நின்ற ஒவ்வோர் இடத்திலும் ஐந்து நிமிடம் கூட்டிப் போட்டேன். கூட்டிய நேரத்தையெல்லாம் காட்டிலிருந்து வெட்டினேன். கடைசியாக இருக்கைகள். வடக்கே ஏறும்போது கடல் வலப்பக்கம் வரும். ஒன்பது தடங்களிலும் வலப்பக்கம் அருள்நம்பி, இடப்பக்கம் சுடர்க்கொடி என்று எழுதினேன்.

ஹமீதா அக்கா சரிபார்க்க எடுத்துப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "இருக்கைய மாத்திப் போட்டுட்ட."

"தெரிஞ்சுதான்க்கா போட்டேன். கடல் அவரு பக்கத்துலயே இருக்கட்டும். காத்து மூஞ்சியில அடிக்கட்டும், உப்பு நாக்குல படட்டும். பார்க்க முடியாம உக்காந்திருக்கட்டும்."

"நீ எப்படிப் பார்ப்ப? அவரு தலைக்கு மேலயா?"

"அவரத் தாண்டிப் பார்த்துக்கிறேன்."

"அடி பைத்தியக்காரி, எதிராளிக்குச் சகுனத்தடைன்னு நீ மூக்க அறுத்துக்கிறியே! பதினெட்டு வருஷம் காத்திருந்தது இதுக்கா? வடக்கப் போட்டுக் குடுக்கிறேன், ஒழுங்காப் போயிட்டு வாங்க ரெண்டு பேரும்."

"முத்திரை வைங்கக்கா."

வைத்தார். வைத்துவிட்டு அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

சித்திரை இரண்டாம் வாரம் கிளம்பினோம். காரையாற்றுத் தடத்தின் வாசலில் வாரைப் பூட்டி, மறைகண்ணாடி மாட்டிக்கொண்டோம். வண்டி உள்ளே நுழைந்ததும் அவருடைய கண்ணாடி வெளுத்தது. எனக்கு எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. இத்தனை பச்சையை நான் நேரில் கண்டதே இல்லை. ஒரு நிமிடம், உண்மையாகவே ஒரு நிமிடம், எனக்கு எல்லாமே மறந்துபோயிற்று.

அப்போது அவர், "தண்ணிச் சத்தம் கேக்குது. பாலம் வருது போல," என்றார்.

பாலம் வந்தது. அவ்வளவுதான், எனக்குள் மறுபடி பற்றிக்கொண்டது. பாலம் இவருக்கு எப்படி ஞாபகம் இருக்கிறது? என் பிறந்தநாளை இரண்டு வருடம் மறந்தவர்!

"இந்த இடத்துல என்ன பேசிக்கிட்டீங்க?" என்று கேட்டேன்.

"பதினாலு வருஷமாச்சு சுடர். நீ காட்டப் பாரு."

"சும்மா சொல்லுங்க."

வண்டிக்குள் இருக்கும் குரல், இடப்பக்க மரத்தில் சிங்கவால் குரங்குகள் என்று அறிவித்தது. நான் திரும்பியபோது கிளைதான் ஆடிக்கொண்டிருந்தது. பரவாயில்லை, குரங்குதானே, கடல் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

கடல் கன்னியாகுமரியில் வந்தது. அவருடைய மூக்குக்கும் தாடைக்கும் அப்பால் நீலமாக ஏதோ அசைவதைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் உதடு லேசாக விரிந்தது. சிரிக்கிறாரா? யாரை நினைத்து? அவருக்குக் கண் தெரியாததால் நான் அவர் முகத்தை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உற்றுப் பார்க்கலாம், அவருக்குத் தெரியாது. பன்னிரண்டு வருடத்தில் அவரை அப்படிப் பார்த்ததில்லை. நாங்கள் சந்திப்பதற்கு முன்பே அவர் முகத்துக்குள் இருந்த ஒருத்தியைத் தேடிக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். நீலம் பின்னால் ஓடிக்கொண்டே இருந்தது.

மணப்பாட்டில் நான் கேட்டு வாங்கிய நாற்பத்தைந்து நிமிடம் வண்டி நின்றது. சன்னல் இறங்கியது. அலைச் சத்தம் காதை அடைத்தது. இந்த முறை அவர் நன்றாகவே சிரித்தார்.

"என்ன சிரிப்பு?"

"ஒண்ணுமில்ல."

"சந்தோஷமா இருந்தீங்களா இங்க? அவளோட?"

"இருந்தேன்," என்றார் அவர். "பொய் சொல்லச் சொல்றியா?"

அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு மிச்ச நாற்பது நிமிடத்தையும் நான் கழித்தேன். அழுதேன் என்றுதான் நினைக்கிறேன். கண்ணாடிக்குள் ஈரம் கட்டி, பாதி நேரம் எனக்கும் அவரைப் போலவே எல்லாம் வெள்ளையாகத்தான் தெரிந்தது. அந்தப் பாறை என்ன நிறம் என்று இப்போது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

மூன்றாம் நாள் மத்தியானம் தனுஷ்கோடித் தடம். கடல் ஏறிய பிறகு தூண்களின் மேல் எழுப்பிய பாதை அது. அங்கே மட்டும் இரண்டு பக்கமும் கடல். வலப்பக்கம் கொந்தளிக்கிற ஆண்கடல், இடப்பக்கம் அசையாத பெண்கடல். பதினேழு நிமிடத்தில் பாதை முடிந்துவிடும். முனையில் வண்டி திரும்பியதும் எல்லோருடைய கண்ணாடியும் வெளுத்துவிடும், ஏனென்றால் பார்த்தது பார்த்ததுதான். இதை நான் ஆயிரம் பேருக்காவது சொல்லி அனுப்பியிருப்பேன். 'அந்த ஒரு தடத்துல மட்டும் சண்டை போட வேண்டாங்க, ஆளுக்கொரு கடல்' என்பேன். எல்லோரும் சிரிப்பார்கள்.

வண்டி பாதையில் ஏறியது. நான் பழக்கத்தில் வலப்பக்கம் திரும்பி அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று நாள் தாடி. அதில் மோவாயோரம் இரண்டு நரை. அவர் முகம் இந்தத் தடத்தில் வேறு மாதிரி இருந்தது. சிரிப்பு இல்லை.

"என்ன, இங்க சந்தோஷம் இல்லையா?" என்றேன், குத்தலாக.

"இங்க ஏது? தூத்துக்குடி தாண்டினதுமே சண்டை."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "சண்டையா? எதுக்கு?"

"நீ சிரிப்ப. இருக்கைக்குத்தான். கடல் பக்கம் நானே உக்காந்துட்டு வந்துட்டேனாம். அவளோட முறையில வந்துட்டு அவளுக்கே காட்டலையாம்."

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொன்னால் வெட்கக்கேடு. பதினான்கு வருடத்துக்கு முன்னால் யாரோ ஒருத்தி சண்டை போட்டதற்கு எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. "அப்புறம்? அவ என்ன சொன்னா? நீங்க என்ன சொன்னீங்க?"

"சுயநலக்காரன்னா. நானும் ஏதோ சொன்னேன். கேவலமாத்தான் சொன்னேன்."

"என்ன சொன்னீங்க, அதச் சொல்லுங்க."

"விடேன்."

"இல்ல, சொல்லுங்க, சொல்லுங்க!"

அவர் சொன்னார். அவள் பதிலுக்குச் சொன்னதையும் சொன்னார். நான் ஒரு வார்த்தை விடாமல் துருவித் துருவிக் கேட்டேன். அந்தப் பயணம் முடிந்து ஊர் திரும்பியதுமே இருவரும் பிரிந்துவிட்டார்களாம். எனக்கு மனசு நிறைந்துபோயிற்று.

"ரோஷத்துல இந்தத் தடம் முழுக்க நான் வலது பக்கமே முகத்தத் திருப்பிக்கிட்டேன் சுடர்," என்றார் அவர். "அவ இடது பக்கம் இருந்தா. அந்தப் பக்கம் திரும்பவே இல்ல. ஆண்கடலத்தான் பார்த்தேன். பெண்கடல நான் பார்த்ததே இல்ல. பதிவேட்டுல பார்த்தாயிற்றுன்னுதான் இருக்கும்." பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்: "உன் பக்கம்தானே அது? எப்படி இருக்கு? சொல்லேன்."

நான் இடப்பக்கம் திரும்பினேன். பாதை முடிகிற மணி அடித்தது. வண்டி முனையில் வளைந்தது. கண்ணாடி வெளுத்தது.

எதிரே வெறும் பால். கீழே எங்கேயோ தண்ணீர் தூண்களைத் தொடும் சத்தம் மட்டும் கேட்டது. என் சன்னல், என் பக்கம், எனக்கென்று இருந்த ஒரே கடல். யாரையும் தாண்டிப் பார்க்க வேண்டியதில்லை. பதினேழு நிமிடமும் அது என் தோளுக்குப் பின்னாலேயே இருந்திருக்கிறது.

"சுடர்?"

"நீலம்," என்றேன். "ரொம்ப நீலம். அசையவே இல்ல. தூரத்துல படகு நின்னுச்சு."

"படகா!" என்றார். அந்த வெள்ளைக் கண்ணாடிக்குக் கீழே அவர் முகம் மலர்ந்தது. மூன்று நாளாக நான் தேடிய மலர்ச்சி, மணப்பாட்டில் வந்ததைவிடப் பெரிது. அது எனக்காக வந்தது, இல்லாத ஒரு படகுக்காக வந்தது.

திரும்பி வந்து நான்கு மாதமாகிறது. மேசைக்கு வருகிறவர்கள், 'நீங்க போயிட்டு வந்துட்டீங்களாமே மேடம், எப்படி இருக்கும்?' என்று கேட்கிறார்கள். பெரிதாக இருக்கும் என்கிறேன். ஹமீதா அக்கா ஒருமுறை என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டுத் தன் மேசைக்குத் திரும்பிக்கொண்டார். வடக்குத் தடத்துக்கு மறுபடி விண்ணப்பம் போட்டு வைத்திருக்கிறேன். முறை வரும்போது எனக்கு ஐம்பத்தேழு வயதிருக்கும்.

பதிவேட்டில் எங்கள் இருவர் பெயருக்கு எதிரேயும் ஒன்பது தடமும் சிவப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் பெண்கடலை எங்கள் வீட்டில் ஒருவரும் பார்த்ததில்லை. அது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் அதைப் பற்றி அடிக்கடி கேட்பார். சாப்பிடும்போது, துணி மடிக்கும்போது. நானும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துச் சொல்லிக்கொண்டே வந்தேன். ஒரு நாரைக்கூட்டத்தைப் பறக்க விட்டேன். கரையோரம் தண்ணீருக்குக் கொஞ்சம் பச்சை பூசினேன். அவர் சும்மா இருந்ததற்கு எவ்வளவு கத்தினேன்! நான் சும்மாகூட இருக்கவில்லை.

நேற்று ரசம் ஊற்றிக்கொண்டே கேட்டார். "அந்தப் படகுங்க நின்னுச்சுன்னியே, எத்தன?"

"ரெண்டு," என்றேன்.

பிசைந்துகொண்டிருந்த அவர் கை நின்றது. போன மாதம் மூன்று என்று சொல்லியிருந்தது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். மறைகண்ணாடி எதுவும் இல்லாத கண். நான் தட்டைப் பார்த்தேன்.

"சரி," என்றார், மறுபடி பிசைந்துகொண்டு. "ரெண்டு."